மொராதாபாத் பித்தளையா, பாடன் செம்பா? பௌத்தச் சிலை வாங்கும் முன் ஓர் அலசல்

பச்சைத் தாரா, மஞ்சுஸ்ரீ போன்ற பௌத்தத் தெய்வச் சிலை ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தால் இரண்டு ஊர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒன்று உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத். பித்தளை நகரம் என்றே அதற்குப் பெயர். பக்கத்து அலிகரிலிருந்தும் இதே மாதிரிச் சிலைகள் வருகின்றன. இன்னொன்று நேபாளத்தில் காட்மாண்டுவை ஒட்டியிருக்கும் பாடன். லலித்பூர் என்பதும் அதுவே. மொராதாபாத் சரக்கு பித்தளை. பாடனில் அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் சிற்பிகள் செய்வது பெரும்பாலும் செம்பு, அதன்மேல் தங்க முலாம். ஒரே உயரமுள்ள இரண்டு சிலைகளுக்கு விலை பல மடங்கு வேறுபடும்.

கடையில் பேச்சு விலையைச் சுற்றியே போகும். என்னைக் கேட்டால், அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தச் சிலையை வீட்டில் யார், எதைக் கொண்டு துடைக்கப் போகிறார்கள்? இரண்டும் அடியோடு வேறுபடுவது அந்த இடத்தில்தான்.

முதலில் செய்முறை. மொராதாபாத், அலிகர் சிலைகளில் பெரும்பாலானவை மணல் அச்சில் வார்த்தவை. ஒரே அச்சுமாதிரியை வைத்து எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். பெரிய சிலை என்றால் துண்டு துண்டாக வார்த்துப் பற்றவைத்து, அரம் போட்டு, உளியால் கோடு கீறி, மெருகேற்றி அனுப்புவார்கள். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை சுத்தச் செம்பைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும், அச்சுக்குள் நன்றாக ஓடும். அதனால்தான் விலை குறைவு. ஆனால் நுணுக்கம் மழுங்கும். விரல்கள் ஒட்டிக்கொண்டிருப்பது, தாமரை இதழ்கள் வெறும் கோடுகளாக நிற்பது எல்லாம் இதன் விளைவு.

பாடனில் நடப்பது மெழுகு வார்ப்பு. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் சாணம் கலந்த மெல்லிய களிமண்ணைப் பூசிக் காயவைத்து, பிறகு உமி கலந்த மண்ணால் தடிமனாகப் போர்த்துவார்கள். சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தே ஆக வேண்டும். செம்பு உருக 1085 டிகிரி வெப்பம் வேண்டும், வார்ப்பதும் சிரமம். ஆனால் வார்த்த பிறகு அது மென்மையான உலோகம், உளிக்கு நன்றாக இடம் கொடுக்கும். ஆடையின் கரையில் அரிசியைவிடச் சின்னப் பூவேலை இருக்கிறதே, அது வார்ப்பில் வந்ததல்ல. பிறகு உட்கார்ந்து செதுக்கியது.

அப்புறம் முலாம். பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் குழம்பாகப் பூசி, தீயில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் செம்போடு ஒட்டி நிற்கும். அந்த ஆவி சிற்பியின் நரம்புகளையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் விஷம். இதை வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். மின்முலாம் பூசிய சிலைகளும் அதே தெருக்களில் கிடைக்கின்றன. முலாம் மெல்லியது, விலையும் குறைவு. இரண்டையும் கலந்து விற்கும் கடையில் தீமுலாமா, மின்முலாமா என்று நேரடியாகக் கேட்டு, பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டுப் பித்தளை மட்டம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 7 முதல் 10 வரையான நூற்றாண்டுகளில் காஷ்மீரிலும் கில்கித் பக்கத்திலும் வார்த்த புத்தர்களும் போதிசத்துவர்களும் பெரும்பாலும் பித்தளைதான். கண்ணுக்கு வெள்ளியும் உதட்டுக்குச் செம்பும் பதித்த அந்தச் சிலைகளைத் திபெத்தியர்கள் போற்றி வைத்துக்கொண்டார்கள். ஆக, குறை உலோகத்தில் இல்லை. அவசரமாக வார்த்து, அவசரமாக அரம் போடுவதில் இருக்கிறது. நிதானமாகச் செய்த பித்தளைச் சிலை இன்றும் கிடைக்கும், தேட வேண்டும், அவ்வளவுதான்.

நம்மூர் சுவாமிமலை மூன்றாவது வழி. பஞ்சலோக வார்ப்பு, இதுவும் மெழுகு முறைதான். நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்தில் எழுந்த சூடாமணி விகாரையின் சுற்றுப்புறத்தில் 1856 முதல் கிடைத்த நூற்றுக்கணக்கான பௌத்தச் செப்புத்திருமேனிகளைப் பார்த்தவர்களுக்கு, காவிரிக் கரையில் புத்தர் வார்ப்பது புதிதல்ல என்று தெரியும். அவற்றில் பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அமர்ந்த புத்தரோ நின்ற புத்தரோ வேண்டுமென்றால் சுவாமிமலையில் சொல்லிச் செய்யலாம். நேபாளமும் திபெத்தும் பின்பற்றும் பௌத்தப் பிரிவான வஜ்ரயானத்தின் தெய்வங்களுக்கு நான் பாடனையே சொல்வேன். அந்த உருவ இலக்கணம் அங்கே தலைமுறைகளாகக் கையில் ஊறியிருக்கிறது.

இலக்கணம் என்றதும் ஒரு சின்னச் சோதனை. பச்சைத் தாராவின் வலது கால் கீழே நீண்டு தாமரையில் ஊன்றியிருக்கும், இடது கால் மடங்கியிருக்கும். வெள்ளைத் தாராவுக்கு ஏழு கண்: முகத்தில் மூன்று, உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் ஒவ்வொன்று. வஜ்ரசத்துவர் வலக்கையில் வஜ்ராயுதத்தை மார்பருகே பிடித்திருப்பார், இடக்கை மணி இடுப்பருகே இருக்கும். மருத்துவ புத்தர் என்றால் மடியில் பாத்திரம், வலக்கையில் கடுக்காய்ச் செடி. அச்சுமாதிரியே தவறாக இருந்தால் அதில் வார்த்த எல்லாச் சிலையிலும் கையும் காலும் மாறியிருக்கும். எடை பார்ப்பதையும் தட்டிப் பார்ப்பதையும்விட இதைப் பார்ப்பது முக்கியம்.

சரி, துடைக்கும் விஷயத்துக்கு வருவோம். முலாம் பூசாத, கல் பதிக்காத, வண்ணம் தீட்டாத வெறும் பித்தளைச் சிலைதான் நம் வீட்டுப் பழக்கங்களைத் தாங்கும். அதற்கும் எல்லை உண்டு. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வரும் என்பது உண்மை. புளியின் அமிலம் கறுப்பைக் கரைக்கும்போது கொஞ்சம் உலோகத்தையும் சேர்த்தே கரைக்கிறது. ஊறவிட்டால் துத்தநாகம் முதலில் வெளியேறி அங்கங்கே சிவந்த திட்டு தெரியும். மடிப்புகளில் தங்கிவிட்ட புளி பின்னால் பச்சைக் களிம்பாகக் கிளம்பும். விளக்குக்குப் புளி போடுங்கள். முகமும் விரலும் உள்ள சிலைக்கு வேண்டாம். மெருகுப் பொடிகளில் இருக்கும் நுண்துகள் ஒவ்வொரு முறையும் மூக்கின் கூர்மையையும் கண்ணிமையின் கோட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். அம்மோனியா கலந்த திரவங்களை நான் பித்தளைப் பக்கமே கொண்டுபோக மாட்டேன். வார்ப்பில் இறுக்கம் மிச்சமிருக்கும் இடங்களில் அது விரிசலையே உண்டாக்கும்.

பதிலுக்கு என்ன செய்யலாம்? மென்மையான தூரிகையால் தூசு தட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு மென்சோப்பு, ஈரப் பருத்தித் துணி, உடனே முழுக்க உலர்த்தல். காய்ந்ததும் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லிசாகப் பூசித் துணியால் தேய்த்துவிட்டால் கறுப்பது வெகுவாகக் குறையும். கடையிலிருந்தே வார்னிஷ் பூசி வந்த சிலை என்றால் எந்த மெருகும் வேண்டாம். பூச்சு கீறிய இடத்தில் கறுப்பு நுழைந்தால் மொத்தப் பூச்சையும் எடுத்துவிட்டுத் திரும்பப் பூசுவதுதான் வழி, மேலே தேய்த்துப் பயனில்லை.

பாடன் சிலைக்கு இதில் பாதியும் ஆகாது. தூரிகை மட்டும் போதும், மெருகுப் பொடி ஒரு முறைகூடக் கூடாது, தங்கம் நேராகத் துணிக்கு வந்துவிடும். திபெத்திய முறையில் முடித்த சிலையின் முகத்தில் பொன்தூளைப் பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள், முடிக்கு நீலம், உதட்டுக்குச் சிவப்பு. ஈரத் துணி பட்டால் முகம் கலைந்துவிடும். கையில் உள்ள வியர்வை உப்பும் தடம் பதிக்கும் என்பதால் பீடத்தைப் பிடித்துத் தூக்குங்கள். டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லும் பவளமும் ஒட்டியவற்றில் நீர் பசையை இளக்கும்.

இன்னொன்று, நம் வீடுகளில் அடிக்கடி எழும் ஆசை: அபிஷேகம். பிரதிஷ்டை செய்த வஜ்ரயானச் சிலையின் உள்ளே மந்திரச் சுருள்கள், தானியம், நறுமணப் பொருள்கள் நிறைத்து, அடியில் செப்புத் தகடு வைத்து மூடியிருப்பார்கள். தகட்டில் பெரும்பாலும் இரட்டை வஜ்ரம் பொறித்திருக்கும். நீர் உள்ளே போனால் சுருள் அழுகும், செம்பு உள்ளிருந்தே களிம்பேறும். அந்த மரபுக்குள்ளேயே இதற்கு அழகான வழி இருக்கிறது: சிலைக்கு எதிரே கண்ணாடி பிடித்து, அதில் தெரியும் பிம்பத்தின் மேல் நீர் வார்க்கிறார்கள். தகட்டைப் பெயர்த்து உள்ளே பார்க்கும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ளுங்கள். திறந்தால் பிரதிஷ்டை கலைந்ததாகவே கொள்வார்கள்.

ஆகவே, தினமும் கைபட வேண்டும், பண்டிகைக்குக் கழுவ வேண்டும் என்று நினைக்கும் வீட்டுக்கு நல்ல பித்தளை. கண்ணாடிப் பேழையில் வைத்து எட்ட நின்று வணங்குவோம் என்றால், காசும் இருந்தால், பாடன் தீமுலாம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு எதுவானாலும் பேழை அவசியம், உப்புக் காற்று இரண்டு உலோகத்தையும் அரிக்கும். வெளிர்பச்சைப் பொடி துடைத்த பிறகும் அதே இடத்தில் திரும்ப வந்தால் அது குளோரைடு அரிப்பு. சிலையை உலர்ந்த இடத்துக்கு மாற்றி, பாதுகாப்பு வல்லுநரிடம் காட்ட வேண்டும்.

கடைசியாக, பழைய சிலை என்று சொல்லி விற்பவை. நேபாளத்திலும் இந்தியாவிலும் நூறு ஆண்டுக்கு மேற்பட்டவை தொல்பொருள், அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகச் சட்டம் தடுக்கிறது. பாடனில் புதுச் சிலை வாங்கினாலும், அது பழையதல்ல என்று நேபாளத் தொல்லியல் துறையிடம் சான்று பெற்றே விமானம் ஏற வேண்டும். கடைக்காரரே வாங்கித் தருவது வழக்கம், பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.