911-இன் பெட்ரோல் டேங்க்: வேலைக்கு முழு மதிப்பெண், பில்லுக்குப் பாதி

என்னுடைய 1971ஆம் ஆண்டு போர்ஷே 911 டி காரின் பெட்ரோல் டேங்கை ஸ்டுட்கார்ட்டை அடுத்த எஸ்லிங்கன் பக்கம் ஒரு சிறு பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கினேன். வேலைக்கு முழு மதிப்பெண். பில்லுக்கும் பேச்சுக்கும் பாதிதான். ஜெர்மனியில் பழைய கார் வைத்துக்கொண்டு அல்லாடும் நம்மவர்கள் சிலரை எனக்குத் தெரியும்; அவர்களுக்காக விவரமாகவே எழுதுகிறேன்.

இந்தக் காரில் இன்ஜின் பின்னால், டேங்க் முன்னால். முன்மூடியைத் திறந்து விரிப்பைத் தூக்கினால் 62 லிட்டர் டேங்கின் மேல்பாதி அப்படியே கண்ணில் படும். கீழ்ப்பாதி காரின் அடியில் சாலையைப் பார்த்தபடி கல்லடி வாங்கிக்கொண்டிருக்கும். கண்காட்சிக்கு ஓட்டிக்கொண்டு போனால், விஷயம் தெரிந்த ஆள் சீட்டைப் பார்ப்பதற்கு முன் விரிப்பைத்தான் தூக்குவார். அங்கே டேங்க் பளபளவென்று மின்னினால், இது ஆலையில் அடித்த பெயின்ட் இல்லை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுவார்.

என் டேங்க் மின்னத்தான் செய்தது. முன்பு வைத்திருந்தவர் எதையும் கழற்றாமல் ஸ்ப்ரே டப்பாவால் கறுப்புப் பெயின்டை அடித்திருந்தார். போதாக்குறைக்கு, துருவை அடக்குவதாக நினைத்து உள்ளேயும் ஏதோ ஒரு பூச்சை ஊற்றியிருந்தார். அது செதில் செதிலாகப் பெயர்ந்து, வடிகால் திருகில் இருக்கும் சல்லடையை அடைத்தது. தூளாகிப்போனது சல்லடையையும் தாண்டி ஜெனித் கார்புரேட்டர் வரை போய்ச் சேர்ந்தது.

விசாரித்த இடங்களில் எல்லாம் பவுடர் கோட்டிங் போட்டுத் தருகிறோம் என்றார்கள். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பவுடர் கோட்டிங்கின் அருமையும் தெரியும், அது எங்கே கூடாது என்பதும் தெரியும். 180 டிகிரிக்கு மேல் சூடாக்கி உருக்கி எடுக்கும் அந்தப் பூச்சு 80 மைக்ரான் வரை சர்வசாதாரணமாக ஏறும். உள்தடுப்புகளைப் பிடித்து நிற்கும் ஸ்பாட் வெல்டிங் குழிகள் மேவிப்போகும், விளிம்பைச் சுற்றி ஓடும் வெல்டிங் தடம் மழுங்கிப்போகும். கடைசியில் டேங்க் புது ஃப்ரிட்ஜின் பக்கவாட்டைப் போல இருக்கும். உறுதியில் குறை சொல்ல முடியாது. 1971இல் சுஃபன்ஹவுசன் ஆலையிலிருந்து வெளியே வந்த பொருளாக மட்டும் அது தெரியாது.

இந்தப் பட்டறைக்காரர் செய்த முதல் காரியமே எனக்குப் பிடித்துப்போனது. டேங்கை மேசைமேல் வைத்துவிட்டு, பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவையின் மூடியைக் கழற்றினார். ரப்பர் வளையத்துக்கு அடியில், ஒரு விரல் அகலம்கூட இல்லாத வட்டத்தில், ஆலையில் அடித்த கறுப்பு அப்படியே இருந்தது. முழுப் பளபளப்பும் இல்லை, முழு மங்கலும் இல்லை. சைடன்மட் என்று இங்கே சொல்வார்கள். அதைத் துடைத்து, சில மாதிரித் தகடுகளில் மெல்லிய கறுப்பை அடித்துப் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஆர்ஏஎல் 9005 என்று அட்டையில் எண்ணைப் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுப்பது யாருக்கும் முடியும். அந்தக் கறுப்பை எவ்வளவு மங்க விடுவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

கீழ்ப்பாதியின் சொரசொரப்பான கல்லடிக் காப்புப் பூச்சு எங்கே முடிகிறது என்பதையும், பழையதைச் சுரண்டுவதற்கு முன்பே தாள் வைத்து வரைந்துகொண்டார். ஆலையில் அதை நேர்கோடாக அடித்திருக்கவில்லை; ஓர் ஓரத்தில் சற்று மேலேறியிருந்தது. புதிதாக அடித்ததிலும் அதே இடத்தில் மேலேறியிருக்கிறது. இதற்கே ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தரலாம்.

உள்வேலை: சூடான காஸ்டிக் கரைசலில் பழைய பூச்சைக் கரைத்து, பாஸ்பாரிக் அமிலத்தில் துருவை எடுத்திருக்கிறார். பெட்ரோலில் கலந்த தண்ணீர் கனம் காரணமாக அடியில் தங்கும் என்பதால், எதிர்பார்த்தபடி வடிகால் திருகின் அருகே ஊசித்துளைகள் இருந்தன. ஆவி முழுவதையும் வெளியேற்றி, உள்ளே ஆர்கான் வாயுவைச் செலுத்திக்கொண்டே பற்றவைத்தார். பெட்ரோல் டேங்கை வீட்டில் பற்றவைக்க நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

உள்ளே புதிய எபாக்சி பூச்சு போடட்டுமா என்று கேட்டேன். "துளை அடைபட்டுவிட்டது, தகடு சுத்தமாக இருக்கிறது. இனி பூச்சு எதற்கு? இன்னொரு தலைமுறை சுரண்டுவதற்கா?" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. டேங்கை முடிந்தவரை நிரப்பியே வைத்திருப்பது, எத்தனால் அதிகமுள்ள இ10 பெட்ரோலைத் தவிர்த்து சூப்பர் பிளஸ் ஊற்றுவது, இவ்வளவுதான் மருந்து. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு அது ஆகாது.

மேலே பட்டி பூசவில்லை. ஒரு மூலையில் இருந்த சிறு நெளிவை அப்படியே விட்டுவிட்டார். திரும்பி வந்த டேங்கில் மானி வைத்துப் பார்த்தேன்: பெயின்ட் 40 மைக்ரானை ஒட்டியே இருக்கிறது. வெல்டிங் குழிகளை விரலால் தடவி எண்ணலாம்.

இனி குறைகள். வாய்வார்த்தையாகச் சொன்ன தொகை ஒன்று, பில்லில் வந்த தொகை வேறு. அமிலக் கழிவை அப்புறப்படுத்தத் தனிக் கட்டணமாம். முன்பே சொல்லியிருந்தால் முணுமுணுக்காமல் கொடுத்திருப்பேன். தொலைபேசியை எடுப்பதே இல்லை. தாமதம் ஏன் என்று நேரில் போய்க் கேட்டால், "பெயின்ட் காய்வதை நீங்கள் பார்த்ததில்லையா?" என்கிறார், அதே தொழிலில் இருந்த என்னிடம்! வடிகால் திருகின் மரைகளில் பெயின்ட் புகுந்திருந்ததால் நானே மரை போடும் கருவியால் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. சல்லடைக்குப் புது வாஷரும் வைக்கவில்லை. இவ்வளவு நுணுக்கமான ஆளிடம் இந்தக் கடைசி இரண்டையும் நான் எதிர்பார்க்கவில்லை.

ஐந்துக்கு நான்கு. போகிறவர்கள் மதிப்பீட்டை, கழிவுக் கட்டணம் உட்பட, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மிதவையை நீங்களே கழற்றித் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிக் கொண்டுபோக வேண்டாம்; அந்த ரப்பர் வளையத்தை அவரே கழற்றட்டும்.