மோசமான காப்பை முதலில் பாருங்கள்: நிலை உயரும்போது ஐந்து விதிநூல்கள் என்ன செய்கின்றன?

பகடை உருட்டி ஆடும் மேசைக் கதை ஆட்டத்துக்கு ஒரு விதிநூலைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலானவர்கள் தாக்குதல் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை மந்திரம், எந்த ஆயுதம், எவ்வளவு சேதம் என்று கணக்குப் போடுகிறார்கள். நான் முதலில் புரட்டுவது தற்காப்புப் பக்கத்தை. அதிலும் ஒரு பாத்திரத்தின் சிறந்த காப்பை விட்டுவிட்டு மிக மோசமான காப்பைத் தேடுவேன். அனுபவம் சேரச் சேரப் பாத்திரத்தின் நிலை படிப்படியாக உயரும்: முதல் நிலையில் அந்தக் காப்பு எவ்வளவு, பத்தாம் நிலையில் எவ்வளவு, பதினேழாம் நிலையில் எவ்வளவு? இந்த மூன்று எண்களைத் தாளில் எழுதிவிட்டால், ஆட்டம் முற்றிய பிறகு மேசையில் யார் சும்மா உட்கார்ந்திருப்பார் என்பது தெரிந்துவிடும்.

எங்கள் குழு கீழக்கரையில் கூடுகிறது. மண்டபத்திலிருந்து வரும் தம்பிகள் விசைப்படகில் தொழில் செய்பவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவர்களுக்கு மாலை நேரம் முழுதாகக் கிடைக்கும். ஆகவே எங்கள் ஆட்டம் அந்தப் பருவத்தில் விறுவிறுவென்று நிலை ஏறும். மற்றக் குழுக்கள் ஓராண்டில் சந்திக்கும் சமநிலைச் சிக்கல் எங்களுக்கு இரண்டே மாதத்தில் வந்து நிற்கும். கதைக்களம் கிழவன் சேதுபதி காலத்து இராமநாதபுரம் சீமை. சேதுபதியின் படைவீரன், முத்துக் குளிப்பவள், மரக்கலத் தலைவன், மந்திரவாதி என்று பாத்திரங்கள். முகம் நம் ஊருடையது; எண்கள் நூலிலிருந்து அப்படியே எடுத்தவை.

புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை ஆட்டங்களில் காப்பு மூன்று வழிகளில் வருகிறது. வாளும் அம்பும் உடம்பில் படாமல் தடுப்பது கவச எண். நஞ்சு, நெருப்பு, மனமயக்கு போன்றவற்றிலிருந்து தப்ப இருபது முகப் பகடையை உருட்டுவது தடுப்பு உருட்டல். இரண்டும் தோற்ற பிறகு தாங்கிக்கொள்வது உயிர்ப்புள்ளி. நிலை உயரும்போது இந்த மூன்றும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. விதிநூல்களுக்குள் உள்ள உண்மையான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இன்று அதிகம் ஆடப்படுவது 2014இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு. அது எண்களுக்கு உச்சவரம்பு கட்டியது. பயிற்சி பெற்றவற்றின் உருட்டலோடு கூட்டும் பயிற்சி எண் முதல் நிலையில் +2. 17ஆம் நிலையை எட்டினாலும் +6தான். கவச எண் நிலையைப் பொறுத்து ஏறுவதே இல்லை. சங்கிலிக் கவசமும் கேடயமும் அணிந்த எங்கள் படைவீரனுக்குத் தொடக்கத்திலேயே 18. பின்னால் பொருள் சேர்த்துத் தகட்டுக் கவசம் வாங்கினால் 20.

நூலில் காப்ளின் என்ற குட்டிப் பூதத்துக்குக் கொடுத்திருக்கும் எண்களை நாங்கள் கடற்கொள்ளையருக்கு வைத்திருக்கிறோம். தாக்கு எண் +4. கவச எண் 18க்கு எதிராக அவன் பகடையில் 14 வேண்டும், அதாவது நூற்றுக்கு 35 வாய்ப்பு. பத்தாம் நிலையில் கவச எண் 20 ஆனால் அந்த வாய்ப்பு 25ஆகக் குறைகிறது, பூஜ்யமாகிவிடுவதில்லை. தேவிபட்டினம் கரையில் பத்துக் கொள்ளையர் சூழ்ந்துகொண்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று வெட்டு விழத்தான் செய்யும். இடையில் உயிர்ப்புள்ளி 12இலிருந்து 84 வரை வளர்ந்திருக்கும், ஆகவே படைவீரன் தாங்குவான். ஆனால் அலட்சியமாகக் கை கட்டி நிற்க முடியாது. இந்தப் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தொடக்கத்தில் பயந்த ஊர்களும் துறைகளும் எதிரிகளும் கடைசி வரை கதைக்குள் உயிரோடு இருக்கின்றன.

தடுப்பு உருட்டலுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு தடுப்புகளில் இரண்டில் மட்டுமே பயிற்சி உண்டு. படைவீரனுக்கு வலிமையும் உடல் உறுதியும். மற்ற நான்கும் முதல் நிலையில் எப்படி இருந்தனவோ ஏறக்குறைய அப்படியே கிடக்கும். எதிரியின் மந்திரத்தைத் தடுக்க எட்ட வேண்டிய இலக்கு எண்ணோ 8, அந்த எதிரியின் பயிற்சி எண், அவன் மந்திரத் திறனுக்கான எண் மூன்றின் கூட்டு. தொடக்கநிலை மந்திரவாதிக்கு அது 13. மனத்திண்மை சராசரியாக உள்ள படைவீரனுக்குக் கூட்டல் எதுவும் இல்லை. நூற்றுக்கு 40 வாய்ப்பு. உச்சநிலை மந்திரவாதிக்கு இலக்கு எண் 19. அதே படைவீரனுக்கு இப்போது நூற்றுக்கு 10. நிலை ஏற ஏற அவன் பலவீனமாகிறான். போர்களை வென்று பெயர் பெற்றவனை, முதல் நாள் பயந்த சிறுவனைவிட எளிதாக மயக்கிவிடலாம் என்று விதி சொல்கிறது.

அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் குடியிருந்த நெருப்பு நாகத்துக்கு நூலின் வளர்ந்த செந்நிற டிராகன் எண்களைக் கொடுத்திருந்தோம். அதன் நெருப்பு மூச்சுக்கு இலக்கு எண் 21, சுறுசுறுப்பால் தடுக்க வேண்டும். படைவீரனை ஆடிய கீழக்கரைத் தம்பி, “காக்கா (அண்ணா), எவ்வளவு விழுந்தால் தப்பலாம்?” என்று கேட்டான். அவனுடைய சுறுசுறுப்புக்குக் கூட்டல் பூஜ்யம். பகடையில் 20 விழுந்தாலும் 21 வராது. இந்தப் பதிப்பில் தடுப்பு உருட்டலுக்கு 20 விழுந்தால் தானாக வெற்றி என்ற விதியும் கிடையாது. பதினெட்டு அறுமுகப் பகடை, சராசரி 63 சேதம். பகடையைக் கையில் எடுக்கவே காரணமில்லாமல் போனது. ஆட்டத்தில் நம்பிக்கை என்பது அந்த ஒரு பகடைதான். அதை விதியே பிடுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு மாற்று வழிகள் நூலுக்குள்ளேயே உண்டு என்பார்கள். உண்டுதான். குழுவில் ஒரு பாலடின், அதாவது புனிதப் போர்வீரன், இருந்தால் ஆறாம் நிலை முதல் பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் தடுப்பு கூடும். தனித்திறன் ஒன்றைச் செலவழித்து மூன்றாவதாக ஒரு தடுப்பில் பயிற்சி பெறலாம். 2024 திருத்தத்தில் ஒன்பதாம் நிலைப் போர்வீரன் தோற்ற தடுப்பைத் தன் நிலையையே கூட்டி மீண்டும் உருட்டலாம். அது உண்மையிலேயே நல்ல மருந்து. ஆனால் பாலடினை ஆட யாருக்கும் விருப்பமில்லாத குழு என்ன செய்யும்? ஒருவர் வந்தால்தான் மற்றவர்களுக்குக் காப்பு என்பது சமநிலை ஆகாது.

இப்போது அதே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 அடிப்படை நூலுக்கும் அதே ஆண்டு வந்த அதன் தொடர்நூலுக்கும் போவோம். அங்கே கணக்கு வேறு திசையில் ஓடுகிறது. தடுப்புக்கு எட்ட வேண்டிய எண், எதிரி யார் என்பதைப் பொறுத்தது அல்ல. உங்கள் வகுப்பையும் (போர்வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகை) நிலையையும் மட்டுமே பொறுத்தது. முதல் நிலைப் போர்வீரன் மந்திரத்திலிருந்து தப்ப 16 உருட்ட வேண்டும், அதாவது நூற்றுக்கு 25. பதின்மூன்றாம் நிலையில் 8 போதும், நூற்றுக்கு 65. நஞ்சுக்கு 12ஆக இருந்தது 4 ஆகிறது. தொடக்கத்தில் கொடூரம், முடிவில் உறுதி. அனுபவம் மனிதனைக் காக்கும் என்ற எண்ணம் எண்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். குறையும் அதிலேயே இருக்கிறது: சாதாரண மந்திரவாதியின் மந்திரமும் பேரரக்கனின் மந்திரமும் தடுப்பவனுக்கு ஒரே கடினம். முதல் நிலைகளில் பாத்திரங்கள் ஈசல்களாக மடிவதால், தன் பாத்திரத்துக்குப் பெயரும் குலமும் கதையும் எழுதிக்கொண்டு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு இது பொருந்தவில்லை.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐந்தாம் பதிப்பின் தடுப்புச் சிக்கலுக்கு வித்து அங்கேதான். நல்ல தடுப்பு முதல் நிலையில் +2, இருபதாம் நிலையில் +12. மோசமான தடுப்பு +0இலிருந்து +6 வரை. இரண்டாக இருந்த இடைவெளி ஆறாகிறது. போர்வீரனின் தாக்கு எண் நிலைக்கு ஒன்று வீதம் +20 வரை ஏறுகிறது; கவச எண்ணோ நிலையால் ஏறவே ஏறாது. ஆகவே கவசத்துக்கு ஒரு மந்திரம், கேடயத்துக்கு ஒன்று, விரலில் காப்பு மோதிரம், கழுத்தில் தாயத்து, தோளில் தடுப்பு மேலாடை என்று வாங்கிக் குவித்தால்தான் பிழைக்க முடியும். அந்த மேலாடையைப் பறித்துவிட்டால் மயக்கு மந்திரத்தின் முன் உயர்நிலைப் போர்வீரனுக்கு 20 ஒன்றுதான் கதி. காப்பு வீரனிடம் இல்லை, அவன் வாங்கிய சரக்கில் இருக்கிறது. எனக்கு இது ஐந்திலும் கடைசி இடம்.

2008இன் நான்காம் பதிப்பு இதைச் சரிசெய்யவே எழுதப்பட்டது. தாக்கு, கவசம், மூன்று தடுப்புகள் எல்லாவற்றிலும் நிலையில் பாதியைக் கூட்டு என்றது. ஓதம் ஏற வள்ளமும் சேர்ந்து ஏறுவது போல எல்லோரும் ஒன்றாக உயர்கிறார்கள். நோக்கம் நேர்மையானது. ஆனால் எதிரிகளின் எண்கள் நிலைக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் ஏறியதால் உச்சநிலைகளில் பாத்திரங்கள் பின்தங்கினார்கள். 2009இல் ஆட்டக்காரர் நூலின் இரண்டாம் பாகத்தில் தாக்குக்கும் தடுப்புக்கும் தனித்திறன்களைச் சேர்த்து ஓட்டை அடைக்க வேண்டியிருந்தது. இன்னொரு குறை மனம் சார்ந்தது. எதிரியும் கூடவே ஏறுவதால், பாத்திரம் வளர்ந்துவிட்டது என்று கையில் உணர முடிவதில்லை. என் ஐந்தில் சேராத 2013இன் தேர்ட்டீன்த் ஏஜ் என்ற ஆட்டம் இதே பாதையில் இன்னும் எளிமையாகப் போகிறது: முழு நிலையையும் கூட்டிக்கொள்ளலாம், காப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று திறன்களில் நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும். நடு எண்ணை எடுப்பதால் ஒரே திறனை ஏற்றிவிட்டுத் தப்பிக்க முடியாது. அழகான யோசனை; இதை வேறு நூல்களும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஐந்தாம் பதிப்புக்கு உண்மையான போட்டி 2019இன் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்புதான். பயிற்சி பெற்ற எதற்கும் முழு நிலையும் கூடுகிறது. அதன் மேல் தேர்ச்சிக்கு ஏற்ப +2, +4, +6, +8. தடுப்புகள் மூன்றிலும் எல்லா வகுப்புக்கும் குறைந்தது பயிற்சி உண்டு என்பதால் மோசமான காப்பும் நிலையோடு ஏறியே தீரும். படைவீரனின் மனத்திண்மைத் தடுப்பு மூன்றாம் நிலையிலேயே அடுத்த படிக்குப் போய்விடுகிறது. சிறந்த காப்புக்கும் மோசமான காப்புக்கும் உள்ள தூரம் ஒரு பகடைக்குள் அடங்கும். நான் தாளில் எழுதிப் பார்க்கும் அந்த மூன்று எண்கள் இங்கேதான் மிக ஒழுங்காக வருகின்றன.

விலை என்ன? இலக்கைவிட 10 கூட வந்தால் பெருவெற்றி, 10 குறைந்தால் பெருந்தோல்வி. ஆகவே உங்களைவிட மூன்று நான்கு நிலை உயர்ந்த எதிரி வெறும் வலியவன் அல்ல, கொலைகாரன். தாழ்ந்த எதிரியோ தூசு. +8 தாக்கு எண் உள்ள கொள்ளையன், கவச எண் 28 எட்டிவிட்ட பத்தாம் நிலைப் படைவீரனைத் தொடப் பகடையில் 20 விழ வேண்டும். தேவிபட்டினத்துக் கரையில் சூழ்ந்த பத்துப் பேர் இப்போது பொருளற்றவர்கள். நிலை உயர்ந்தவன் கடவுளாகத் தெரிய வேண்டிய கதைக்கு இது சரி. சேதுபதி படையின் ஒரு வீரன் கடைசி வரை ஊர்க்காரனாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கும் எங்கள் கதைக்கு இது இடிக்கிறது. நிலையைக் கூட்டாமல் தேர்ச்சியை மட்டும் வைத்து ஆடும் மாற்றுவிதி ஒன்றையும் அதன் ஆட்ட நடத்துநர் நூலில் 2020இல் கொடுத்தார்கள். ஆனால் எதிரிகளின் எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்து எழுத வேண்டும், அந்தப் பொறுமை எல்லா நடத்துநருக்கும் இருக்காது.

என் தீர்ப்பு இது. பன்னிரண்டாம் நிலைக்குள் முடியும் கதைக்கு ஐந்தாம் பதிப்பையே எடுங்கள், ஒரே ஒரு திருத்தத்தோடு: பயிற்சி இல்லாத தடுப்புகளுக்கும் பயிற்சி எண்ணில் பாதியைக் கூட்டுங்கள், பின்னம் வந்தால் விட்டுவிடுங்கள். முதல் நிலையில் +1, ஒன்பதாம் நிலையில் +2, 17ஆம் நிலையில் +3. அந்த +3ஓடு இலக்கு எண் 19க்கு எதிரே நூற்றுக்கு 10ஆக இருந்த வாய்ப்பு 25 ஆகிறது. நெருப்பு நாகத்தின் 21க்கு எதிரே பூஜ்யமாக இருந்தது 15 ஆகிறது. குறைவுதான். ஆனால் அந்தத் தம்பி பகடையைக் கையில் எடுப்பான். பயிற்சி பெற்றவனுக்கும் பெறாதவனுக்கும் இடையில் அந்த நிலையில் மூன்று புள்ளி மிச்சம் இருப்பதால் வகுப்புகளின் தனித்தன்மையும் கெடாது. மந்திரவாதியை ஆடுபவர் தன் மந்திரம் நீர்த்துவிட்டது என்று முறையிடலாம். எதிரிகளுக்கு இந்தக் கூட்டல் கிடையாது, பாத்திரங்களுக்கு மட்டுமே என்று சொல்லிவிடுங்கள்.

இருபதாம் நிலை வரை போகத் துணிந்தவர்கள், எண்களைக் கூட்டிக் கழிப்பதில் இன்பம் காண்பவர்கள், பாத்ஃபைண்டரை எடுக்கலாம். அந்த உயரத்தில் அதைவிட நம்பகமான காப்பு இந்த ஐந்தில் இல்லை. இறக்குமதி நூலுக்குப் பணம் செலவழிக்கும் முன் இரண்டையும் இலவசமாகவே பார்த்துவிடலாம். பாத்ஃபைண்டரின் விதிகள் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். அதை மொழிபெயர்க்கவும் அச்சிட்டுக் கொடுக்கவும் தடையில்லை.