பக்கத்தில் நிற்கிற பொம்மையை நம்பாதீர்கள்: பழைய மரப்பாச்சி வாங்குகிறவர்களுக்கு

நவராத்திரிக்கு முன்னால் ஆன்லைனில் பழைய மரப்பாச்சி தேடுகிறவர்கள் பணம் அனுப்புவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். அளவில் ஏமாற்றி எனக்கு ஒரு ராணி பொம்மை விற்றவரின் பெயரை நான் போடவில்லை. புகார் ஒரு பக்கம் நடக்கிறது. தவிர, அந்த ஆள் சீசனுக்கு ஒரு பெயரில் கடை போடுகிறவர். இன்றைய பெயரைச் சொல்லி நாளைக்கு யாருக்கும் பிரயோஜனம் இல்லை. பெயர் மாறினாலும் மாறாதது அவருடைய போட்டோ. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீட்டு மரப்பாச்சி என் மாமியாருக்குக் கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்தது. ராஜா ஜம்மென்று இருக்கிறார். ராணிக்கு வீடு மாற்றும்போது கழுத்தில் விரிசல் விட்டு, போன வருஷம் தலை தனியாக வந்துவிட்டது. ஃபெவிகால் போட்டு ஒட்டினோம். ஆனாலும் பின்னமான பொம்மையை மேல்படியில் கலசத்துக்குப் பக்கத்தில் வைக்க மாமியாருக்கு மனசு ஒப்பவில்லை. புது ராணி வேண்டும், அதுவும் ராஜாவுக்கு உயரம் பொருந்த வேண்டும். ராஜா சரியாக 12 அங்குலம், பீடத்தோடு சேர்த்து.

மரப்பாச்சி செய்கிற செஞ்சந்தன மரத்தில் ஒரு அடிப் பொம்மை என்பது இன்று சின்ன விஷயமில்லை. ஆந்திராவின் சேஷாசலம் மலை, கடப்பா, சித்தூர்ப் பக்கத்துக் காடுகளில் மட்டுமே விளைகிற மரம் என்று சொல்லிவிடலாம், அத்தனை குறுகிய இடம். வெட்டுவதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடு. அதனால் புதிதாகச் செய்கிற பெரிய பொம்மைகளில் பாதிக்கு மேல் வேறு ஏதோ மரத்துக்குச் சாயம் ஏற்றியவைதான் என்பது கடைகளில் கையில் எடுத்துப் பார்த்த வரையில் என் அபிப்பிராயம். பழசுக்கு இத்தனை கிராக்கி வர இதுவே காரணம்.

நான் சொன்ன அந்த ஆளின் விற்பனைப் பக்கத்தில் பழைய ராணி ஒன்று கிடைத்தது. கும்பகோணம் பக்கம் ஒரு பழைய வீட்டிலிருந்து எடுத்ததாம். விலை ஒன்பதாயிரம். நான் முதலில் கேட்ட கேள்வியே உயரம்தான்: "தம்பி, பீடத்தோட சேர்த்து எத்தனை இஞ்ச்?" பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது. கூடவே ஒரு வரி: "பக்கத்துல இருக்கறது ஒரு அடி பொம்மைக்கா. நீங்களே பாத்துக்கோங்க."

படத்தில் இரண்டு பொம்மைகள். வலது பக்கம் அவர் விற்கிற ராணி. இடது பக்கம் பளபளவென்று புது மரப்பாச்சி ஒன்று. ராணியின் தோள் புதுப் பொம்மையின் கையை லேசாக மறைத்தபடி, இரண்டும் ஒட்டி நிற்கிற மாதிரி. தலை இரண்டும் ஒரே மட்டம். கீழே அரக்குக் கலர் பட்டுத்துணி, கோபுரக்கரை போட்டது. துணியைக் கொஞ்சம் குவித்துவிட்டிருந்ததால் பீடங்கள் இரண்டும் தெரியவில்லை. நல்ல மஞ்சள் வெளிச்சம். பார்த்தால் யாருக்கும் பூஜை அறையில் எடுத்த படம் என்றுதான் தோன்றும்.

மறுபடியும் "அப்போ இதுவும் 12 இஞ்ச்தானே?" என்று கேட்டேன். கட்டைவிரல் வந்தது. ஜிபே எண் வந்தது.

மகாளய அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம் பார்சல் வந்தது. படி கட்டுகிற நேரத்தில் யாரும் சண்டைக்கு நிற்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டே அனுப்புகிறார் என்று இப்போது நினைக்கிறேன். கையில் வாங்கும்போதே பெட்டி கனமில்லை. பிரித்து ராஜாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ராணி அவர் மார்பு வரைக்கும்தான் வருகிறாள். டேப் வைத்துப் பார்த்தேன். 8 அங்குலம்.

நாலு அங்குலம்தானே குறைச்சல் என்று சிலர் சொல்லக்கூடும். உயரம் மூன்றில் இரண்டாகக் குறைந்தால் அகலமும் தடிமனும் அதே விகிதத்தில் குறையும். 12-க்கு 8 என்றால் மரத்தின் அளவு 27-க்கு 8. அதாவது மூன்றில் ஒரு பங்கு மரம்கூட இல்லை. ஒரு அடிப் பொம்மைக்கான காசைக் கொடுத்துவிட்டு அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான மரத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்த கணக்கு.

போன் போட்டேன். எடுத்தார், மரியாதையாகவே பேசினார். "அக்கா, போட்டோல இருக்கற அதே பொம்மைதான் அனுப்பியிருக்கேன். நான் எங்கயாவது 12 இஞ்ச்னு எழுதியிருக்கேனா? பக்கத்துல இருக்கறதுதான் ஒரு அடின்னு சொன்னேன். அது ஒரு அடிதான், வேணும்னா அளந்து வீடியோ அனுப்பறேன்."

உரையாடலை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். உண்மைதான். அந்த ஆள் ஒரு இடத்தில்கூடப் பொய் எழுதவில்லை. பொய்யை முழுக்கப் படத்தைக் கொண்டு சொல்ல வைத்துவிட்டு, எழுத்தில் சுத்தமாக நின்றுகொண்டார். கட்டைவிரலைப் பற்றிக் கேட்டதற்கு, "உங்க மெசேஜ் பாத்துட்டேன்னு அர்த்தம்கா" என்றார். அதற்குப் பிறகு பிளாக்.

கொலு எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் போட்டோவை எப்படி எடுத்திருப்பார் என்று சாப்பாட்டு மேஜையில் செய்து பார்த்தேன். அவர் அனுப்பிய ராணியை போன் லென்ஸிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் வைத்தேன். எங்கள் ராஜாவை 45 செ.மீ. தூரத்தில், கொஞ்சம் இடதுபுறமாக. போனை மேஜைமேல் தாழ்வாக நிறுத்தி எடுத்தால், அச்சு அசல் அதே படம். 8 அங்குலமும் 12 அங்குலமும் தலைக்குத் தலை ஒரே மட்டம்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு பொருள் லென்ஸிலிருந்து எத்தனை மடங்கு தள்ளிப் போகிறதோ, படத்தில் அத்தனை மடங்கு சிறுத்துத் தெரியும். 45-ஐ 30-ஆல் வகுத்தால் ஒன்றரை. 12-ஐ 8-ஆல் வகுத்தாலும் ஒன்றரை. போனைத் தாழ்வாக வைத்தால் மேஜையின் ஆழம் ஒரு கோடாக நசுங்கிவிடுகிறது. எது முன்னே, எது பின்னே என்று சொல்ல அடையாளம் இருக்காது. மிச்சமிருக்கிற ஒரே தடயம் பீடம். அதைத்தான் துணி மூடியிருந்தது. பெரிய கேமராவில் எடுத்திருந்தால் பின்னால் நின்ற பொம்மை நன்றாகவே மங்கியிருக்கும். போன் கேமராவில் சென்சார் சின்னது, அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது.

அதே இரண்டு பொம்மைகளை, அதே இடைவெளியில் விட்டுவிட்டு, இரண்டு மீட்டர் தள்ளிப் போய் ஜூம் பண்ணி எடுத்தால் என்ன ஆகும்? 200-க்கு 215. ராஜா ராணியைவிட ஏறக்குறைய 3 அங்குலம் உயரமாகத் தெரிவார், குட்டு உடைந்துவிடும். பொம்மைகளை ஒப்பிட்டு ஒழுங்காகப் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் தள்ளி நின்று ஜூம் பண்ணித்தான் எடுப்பார்கள். கிட்டே போய் எடுத்த ஒப்பீட்டுப் படம் என்றாலே நான் இனிமேல் இரண்டு தடவை பார்ப்பேன்.

அவருடைய படத்தில் ஒரு தடயத்தை மட்டும் அவர் மறைக்க மறந்திருந்தார். பட்டுத்துணியின் கரை. கோபுரக்கரையில் கோபுரங்கள் எல்லாம் ஒரே அளவில்தான் நெய்திருக்கும். படத்தைப் பெரிதாக்கி ஸ்கேல் வைத்து அளந்தேன்: ராணியின் காலடியில் இருந்த கோபுரம் புதுப் பொம்மையின் காலடியில் இருந்ததைவிட ஒன்றரை மடங்கு பெரிசு. துணி உண்மையைச் சொல்லிவிட்டது. டைல்ஸ் தரையானாலும், கோடு போட்ட மேஜை விரிப்பானாலும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரே டிசைன் ஒரு பொம்மைக்குக் கீழே பெரிதாகவும் இன்னொன்றுக்குக் கீழே சிறிதாகவும் இருந்தால், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவில்லை என்று அர்த்தம்.

மர ரேகையும் காட்டிக்கொடுக்கும். சின்னப் பொம்மையைப் பெரிதாகக் காட்டும்போது உளி பட்ட தடமும் ரேகையும் சேர்ந்து பெரிதாகிவிடும். கண், மூக்கு வேலைப்பாடு ஒரு அடிப் பொம்மைக்கு மொத்தையாகத் தெரிந்தால் யோசியுங்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் கருஞ்சிவப்பு, கையில் வந்தது செங்கல் நிறம். மஞ்சள் பல்பின் கீழ் எந்த மரமும் பழைய மரமாகிவிடும். வெள்ளைத் துணியை நனைத்துத் துடைத்தேன், துணி ரோஸ் ஆனது. செஞ்சந்தனத்தின் சிவப்பு வெறும் தண்ணீரில் அப்படிச் சுலபமாகக் கரையாது. கல்லில் இழைத்தால் பொடியாக வரும், அது வேறு. சானிடைசர் தடவி, சிவப்பு வந்தால் ஒரிஜினல் என்று ஒரு சோதனை சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதை நம்ப வேண்டாம். செஞ்சந்தனம் ஸ்பிரிட்டில் நிறம் விடும் என்பது சரி. ஆனால் மட்டமான சாயமும் அதே ஸ்பிரிட்டில் நிறம் விடும், மெருகெண்ணெயும் விடும். அந்தச் சோதனையில் திருடனும் பாஸ், சாதுவும் பாஸ். எடை பார்ப்பது நல்லது. நல்ல செஞ்சந்தனம் தண்ணீரில் போட்டால் மூழ்கும். இவர் அனுப்பிய ராணி பக்கெட்டில் மிதந்தாள்.

ஆக உயரமும் பொய், மரமும் பொய். எண்பது வருஷப் பழமை என்று வாய்ச்சொல்லாகச் சொன்னதைப் பற்றி எழுதவே வேண்டாம்.

இது மரப்பாச்சிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. என் தம்பி சின்னக் கார்கள் சேர்க்கிறவன். 1:64 காரை (நிஜக் காரில் 64-இல் ஒரு பங்கு அளவு) முன்னால் வைத்து, பின்னால் 1:43 காரை நிறுத்தி, "ரெண்டும் ஒரே சைஸ் பாஸ்" என்று படம் போடுகிறவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். இரண்டு தனித்தனி போட்டோவை ஒட்டிப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது இன்னும் சுலபம். ஒட்டுகிறவர் எந்தப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்தால் போதும் என்பார்கள். எந்த ஒரு ரூபாய்? 1992-இல் வந்த ஸ்டீல் நாணயம் 25 மி.மீ., 2011-க்குப் பிறகு வந்தது 22 மி.மீ. நாணயம் சின்னதானால் பொம்மை பெரிதாகத் தெரியும்.

நான் இப்போது விற்கிறவர்களிடம் கேட்பது ஏ4 பேப்பர் படம். வெள்ளை ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ., எந்த ஊரில் வாங்கினாலும் அதேதான். பொம்மையைத் தாளின்மேல் படுக்க வைத்து, தாளின் நாலு மூலையும் தெரிய, நேர் மேலே இருந்து எடுக்கச் சொல்லுங்கள். படுத்த பொம்மையை முன்னே பின்னே நகர்த்தி ஏமாற்ற முடியாது. ஒரு அடிப் பொம்மையானால் தாளைவிட ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக நீட்டிக்கொண்டிருக்கும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் எடுக்கச் சொன்னால் நிறமும் ஓரளவு தெரிந்துவிடும், தாளின் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நேர்மையான வியாபாரிக்கு இது அரை நிமிஷ வேலை. நான் கேட்டவர்களில் ஒருத்தர் உடனே அனுப்பினார், இன்னொருத்தர் "நம்பிக்கை இருந்தா வாங்குங்க மேடம்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

அளவைக் கேட்டால் எண்ணில் பதில் வரவேண்டும், எழுத்தில் வரவேண்டும். எண்ணைக் கேட்டதற்குப் படம் வந்தால் திரும்பவும் எண்ணைக் கேளுங்கள். எமோஜியைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புகார் விஷயம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அவர் அனுப்பிய படம், நான் மேஜையில் எடுத்த படம், கோபுரக்கரை அளவு, டேப்போடு எடுத்த படம், பணம் போன ரசீது, உரையாடல் முழுக்க எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். பிளாக் பண்ணிவிட்டார் என்ற கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் கையில் இருக்கிற பத்திரம்.

இந்த வருஷம் வேறொரு பெயரில் அதே படம் திரும்ப வந்திருக்கிறது. இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார், அதனால் ராணி இப்போது இடது பக்கம். வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார். அரக்குப் பட்டும் கோபுரக்கரையும் அப்படியே இருக்கின்றன, பீடம் இப்போதும் தெரியவில்லை. விலை பதினோராயிரம். அதில் யாராவது ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தால், மீதியை அனுப்பும் முன் ஏ4 படம் கேளுங்கள்.