ஐபிஏவா, பென்சில் ரப்பரா, பேட்டரி தண்ணீரா? உப்புக்காற்றில் பழைய டிவி கேம்

சோற்று உப்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் (சுருக்கமாக ஐபிஏ) கரையாது. கரைந்தாலும் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை. பழைய டிவி கேம் கேசட்டைச் சுத்தம் செய்யச் சொல்லித்தரும் வீடியோக்களில் இந்தச் சங்கதி அநேகமாக வருவதே இல்லை. அவற்றை எடுக்கிறவர்கள் ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்திலோ தொண்டியிலோ குடியிருக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். “99% ஐபிஏவில் பட்ஸை நனைத்துத் தேயுங்கள், வேலை முடிந்தது” என்பார்கள். கோயம்புத்தூரில் முடியும். கீழக்கரையில் பீரோ மேல் பல வருஷம் கிடந்த கேசட்டுக்கு அது பாதி வேலைதான். அதனால் நமக்குக் கிடைக்கிற வழிகளை, உப்பை என்ன செய்கிறது என்ற கேள்வியை வைத்தே அலசிப் பார்க்கலாம்.

உலர்ந்த உப்பால் பெரிய தொல்லை இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். நம் கரையோர ராத்திரிகளில் அந்த அளவு சாதாரணம். கேசட்டின் செருகும் ஓரத்திலுள்ள உலோகக் கீற்றுகளைத்தான் பின் என்கிறோம்; அவற்றின் மேலிருக்கும் பூச்சு மிக மெல்லியது, நுண்துளைகளும் உண்டு. அந்தத் துளைகளின் வழியே உப்புத்தண்ணீர் அடியிலுள்ள செம்பைத் தொட்டால் அரிப்பு தொடங்கி, பச்சைக் களிம்பாக மேலே வரும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றதற்கும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு அடித்ததற்கும் பின்னால் இதே காற்றுதான் இருக்கிறது.

இந்தப் பக்கம் பரணிலிருந்து இறங்கும் சரக்கு இரண்டு வகை. ஒன்று, 90களில் கடைகளில் விற்ற மீடியா, லிட்டில் மாஸ்டர் மாதிரிப் பெட்டிகள். 1983-இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள் இவை. கேசட்டில் 60 பின், உள்ளே கறுப்புப் பொட்டாக எபாக்சி ஊற்றிய சிப், பெரும்பாலும் பேட்டரி கிடையாது. மற்றது, துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சூட்கேஸில் வந்த அசல்: சேகா மெகா டிரைவ், கேம்பாய், அபூர்வமாக, ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவமான 72 பின் உள்ள என்இஎஸ். நகலைத் தைரியமாகக் கழுவலாம். அசலை முதலில் திறந்து பார்த்துவிட்டுத்தான். காரணம் பின்னால் வருகிறது.

கேசட்டின் வாயில் ஊதுகிற பழக்கத்தைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். ஊதிப் போட்டதும் ஓடியதற்குக் காரணம் கழற்றி மாட்டியதுதான். வாய்க்காற்று எச்சில் ஈரத்தைத்தான் சேர்க்கும். ஊத வேண்டாம் என்று நின்டெண்டோவே சொல்லியிருக்கிறது.

பென்சில் ரப்பர் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்களின் ஆயுதம். ராம் ஸ்டிக்கைக் கழற்றி நாலு தேய் தேய்த்து மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கேசட்டிலும் வேலை செய்யும், அதை மறுக்க முடியாது. பின்னின் கறுப்பு உடனே போகும், படம் வரும், கிட்டத்தட்ட இலவசம். ஆனால் ரப்பர் அழுக்கைக் கரைப்பதில்லை, சுரண்டுகிறது. ஒவ்வொரு முறையும் பூச்சில் கொஞ்சம் போகும். பின்களுக்கு இடையிலுள்ள உப்பு அப்படியே இருக்கும், ரப்பர் தூளும் அதோடு சேரும். பூச்சு போன செம்பு ஓசூரில் மெதுவாகக் கறுக்கும், ராமேஸ்வரத்தில் ஒரு மழைக்காலத்திலேயே மறுபடி பச்சை கட்டலாம். அப்போது மறுபடி ரப்பர், மறுபடி தேய்மானம். மை அழிக்கும் சொரசொரப்பு ரப்பரைத் தொடவே வேண்டாம். வெள்ளை ரப்பரையும் கடைசி முயற்சியாக, மெதுவாக.

ஆல்கஹாலுக்கு வருவோம். விரல் பிசுக்கு, எண்ணெய், புகைக் கறை எல்லாவற்றையும் 99% ஐபிஏ எடுத்துவிடும், சீக்கிரம் ஆவியாகும். செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பிசுக்குக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. உப்பு விஷயத்தில் மட்டும் பட்ஸ் இழுத்துக்கொண்டு போனதுதான் லாபம், மீதி அங்கேயேதான். 70% ஐபிஏவை எல்லாரும் மட்டம் என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் அதில் மீதி 30% தண்ணீர், அந்தத் தண்ணீர்தான் உப்பைக் கரைக்கும். எனவே நம் ஊரில் முதல் துடைப்புக்கு 99-ஐவிட 70 மேல். ஒரு நிபந்தனை: அது சானிடைசராக இருக்கக்கூடாது. கொரோனா காலத்து மிச்சப் பாட்டில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது; அவற்றில் பெரும்பாலும் கிளிசரின் சேர்ந்திருக்கும். கிளிசரின் பின் மேல் படலமாகத் தங்கிக் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். அழுக்கே பரவாயில்லை என்றாகிவிடும்.

தின்னருக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒரு காக்கா (இந்தப் பக்கம் அண்ணனை இப்படியும் அழைப்பார்கள்), “தின்னர் போட்டா பளிச்சுன்னு ஆயிடும் தம்பி” என்று இன்றும் அடித்துச் சொல்வார். வெறும் போர்டில் பளிச்சென்று ஆகத்தான் செய்யும். ஒரு சொட்டு கேசட் கூட்டில் பட்டால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் இளகிப்போகும். ஸ்டிக்கரும் போய்விடும். காக்காவிடம் ஐபிஏ வாங்குங்கள், யோசனையை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

என் ஓட்டு பேட்டரி தண்ணீருக்கு. இன்வர்ட்டருக்கு ஊற்றுகிற அதே டிஸ்டில்டு வாட்டர்தான். பேட்டரி கடையில் வாங்கும்போது பக்கத்திலிருக்கும் ஆசிட் கேனை எடுத்துவிடாதீர்கள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் இங்கே உப்பு; அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுகிற கதை. குழாயில் வரும் காவிரித் தண்ணீரும் முழுக்கத் தூய்மையானது இல்லை. கூட்டைத் திறந்து போர்டை மட்டும் எடுத்து, பேட்டரி தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பழைய மென்மையான டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். தண்ணீரை மாற்றி மறுபடி அலசுங்கள். அப்புறம்தான் 99% ஐபிஏ. பிசுக்கை எடுப்பதோடு, சிப் கால்களுக்கு அடியில் ஒளிந்த தண்ணீரையும் வெளியே தள்ளும். ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி காயட்டும். ஜன்னலோரம் வேண்டாம், கச்சான் காற்று வீசும் மாதங்களில் கழுவிய உப்பு அன்றைக்கே திரும்பி வரும்.

பச்சைக் களிம்பு கட்டியிருந்தால் தண்ணீர் போதாது. இங்கே புளிக்கும் வினிகருக்கும் போட்டி. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுகிற வீட்டில் அந்த யோசனை வருவது சகஜம், வேதியியலும் சரிதான், இரண்டுமே அமிலம். ஆனால் புளியில் சர்க்கரையும் சக்கையும் இருக்கிறது. வெள்ளை வினிகரை பட்ஸில் தொட்டு, களிம்பு உள்ள பின்னில் மட்டும் வைத்து, கரைந்ததும் பேட்டரி தண்ணீரில் நன்றாக அலசிவிட வேண்டும். கேம்பாயில் அல்கலைன் செல் கசிந்து வெள்ளை பூத்திருந்தாலும் இதே மருந்துதான், கசிந்தது காரம் என்பதால்.

கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே இரண்டு ரகம். முழுக்க ஆவியாகிவிடுவது ஒன்று, மெல்லிய எண்ணெய்ப் படலம் விடுவது ஒன்று. உள்நாட்டில் முதல் ரகம் நல்லது என்பார்கள். கடலோரத்தில் படலம் விடுகிற ரகத்துக்கும் ஒரு நியாயம் உண்டு, ஈரத்தைத் தள்ளி நிறுத்தும். ஆனால் படலத்தில் மணல் ஒட்டும், மணலோடு கேசட்டைச் செருகினால் ஸ்லாட் கீறும். பெட்டியில் பூட்டி வைக்கும் கேசட்டுக்குப் படலம், அடிக்கடி விளையாடுவதற்கு வேண்டாம். பூட்டுக்கு அடிக்கிற சாதா டபிள்யூடி-40 இரண்டுக்கும் வேண்டாம்.

கேசட்டைத் துடைத்துவிட்டு ஸ்லாட்டை மறப்பவர்கள் அதிகம். நகல் பெட்டியில் கோளாறு இருந்தால் படம் சிதறிக் கட்டம் கட்டமாக வரும். என்இஎஸ்ஸில் கேசட் அசல்தானா என்று சோதிக்கும் காவல் சிப் ஒன்று இருப்பதால், தொடர்பு சரியில்லை என்றால் பவர் லைட் விட்டு விட்டு எரிந்து திரை மினுக்கும். பெட்டி செத்துவிட்டது என்று விற்றவர்கள் உண்டு. நகலின் மேல்வாய் ஸ்லாட்டுக்கு, மெல்லிய அட்டையில் துணியைச் சுற்றி ஐபிஏ தொட்டுச் செருகி எடுத்தால் போதும். திறந்தால் பல்லி முட்டை, எறும்புக் கூடு எல்லாம் வரும், தயாராக இருங்கள். என்இஎஸ்ஸின் 72 பின் கனெக்டருக்கு இரண்டு வழி: புதுசு வாங்கி மாட்டுவது, பழையதைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு எடுப்பது. புதுக் கனெக்டர்கள் பல கேசட்டை இரும்புப்பிடியாகப் பிடிக்கும், பின்னும் தேயும். பழையதைக் கொதிக்க வைப்பதே என் தேர்வு. அதற்கும் பேட்டரி தண்ணீர்தான். போர் தண்ணீரில் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பும் உப்பும் பின்னிலேயே படியும்.

மஞ்சளேறிய கூட்டை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு என்கிறார்கள். மருந்துக்கடைத் திரவம் 6%, பாட்டிலில் 20 வால்யூம் என்று இருக்கும். அழகுசாதனக் கடையின் 40 வால்யூம் டெவலப்பர் கிரீம் 12%. கிரீம் வேகமானது, ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்து, காய்ந்த இடமும் காயாத இடமும் திட்டுத் திட்டாக வெளுக்கும். அதை யாராலும் திருப்ப முடியாது. திரவத்தில் முழுக்க முக்கி, ஒளி புகும் டப்பாவில் வெயிலில் வைத்தால் நேரம் எடுக்கும், ஆனால் சீராக வெளுக்கும். மூடியை இறுக்காதீர்கள், வாயு வெளியேற வேண்டும். கையுறை கட்டாயம். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை என்பது ஒன்றுதான் நமக்கு அனுகூலம். இத்தனைக்குப் பிறகும் சில வருஷத்தில் மஞ்சள் திரும்பலாம். சோப்புத் தண்ணீரில் கழுவி மஞ்சளோடு வைத்துக்கொள்வதே எனக்குப் பிடிக்கும். ஸ்ப்ரே பெயின்ட் அடித்த மெகா டிரைவைப் பார்த்தால் மனசு ஆறாது.

அசலைத் திறந்து பார்க்கச் சொன்னதற்குக் காரணம், ஆட்டத்தைச் சேமிக்கும் கேசட்டுகளில் வட்ட பேட்டரி இருக்கும், பலவற்றில் சிஆர்2032. அது இருக்கும்போது தண்ணீரில் முக்கினால், 3 வோல்ட்டும் ஈரமும் சேர்ந்து அரிப்பை வேகமாக்கும். கழற்றினால் சேமித்த ஆட்டம் போய்விடும். ஊருக்குப் போன அண்ணனின் பெயர் அதில் சேமித்திருக்கிறது என்றால் முக்காதீர்கள். 70% ஐபிஏ தொட்ட பட்ஸால் பின்னை மட்டும் துடைத்து, 99-இல் முடித்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்ததை வைப்பதற்கு ரப்பர் வாய் உள்ள டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். அரிசி வேண்டாம், அரிசியிலேயே பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் உண்டு, தவிடும் தூசியும் வேறு. நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் வாங்கினால் எப்போது ஈரம் குடித்தது என்று தெரியும், ஓவனில் 120 டிகிரி அளவில் காயவைத்து மறுபடி போடலாம். பொங்கலுக்கு ஒருமுறை டப்பாவைத் திறந்து நிறம் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜெல் நிறைந்திருக்கிற நேரம் அது.