ஓடுவதைவிட நிற்கும் பஸ்: எட்டு டயர்களோடு பல வருட அனுபவம்

எங்களிடம் இருப்பது எம்சிஐ கம்பெனியின் எம்சி-9. ஒரு காலத்தில் கிரேஹவுண்ட் பஸ்ஸாக அமெரிக்கா முழுக்க ஓடிய அதே 40 அடி மாடல், 1980களில் செய்தது. எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்து வீடாக மாற்றியிருந்தார். முன்னால் இரண்டு, எஞ்சின் சுழற்றும் டிரைவ் அச்சில் ஜோடி ஜோடியாக நான்கு, அதற்குப் பின்னால் பாரம் தாங்க மட்டும் இருக்கும் டேக் அச்சில் இரண்டு. ஆக எட்டு டயர், எல்லாம் 22.5 அங்குல ரிம்முக்கான பஸ், லாரி டயர்கள். நாங்கள் இருப்பது அரிசோனாவில், பீனிக்ஸுக்குப் பக்கத்தில் சாண்ட்லர். குடியிருப்புச் சங்கம் இவ்வளவு பெரிய வண்டியை வீட்டு வாசலில் நிறுத்த விடாது. அதனால் ஊருக்கு வெளியே திறந்தவெளி யார்டில் வாடகைக்கு நிற்கிறது. குளிர்காலத்தில் குவார்ட்சைட், வசந்தத்தில் யூட்டா பக்கம் என்று போவோம். மற்ற மாதங்களில் வெயிலில் நிற்பதுதான் அதற்கு வேலை.

டயருக்கு எமன் இந்த நிற்பதுதான். அந்த எட்டையும் கழுவி, பூசி, மூடிக் காப்பாற்றும் கதைதான் இது. நாமக்கல்லில் லாரி வைத்திருந்த என் மாமனார் இங்கே வந்திருந்தபோது முன் டயர் இரண்டையும் மாற்ற ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். பட்டன், அதாவது தரையில் படும் வரிப்பகுதி, தேயவே இல்லை என்று அவருக்கு மனசே ஆறவில்லை.

“ஏங்க மாப்ளே, பட்டன் புதுசாட்டவே இருக்குதுங்களே. இதையப் போயி எதுக்குக் கழட்டோணும்?”

“பட்டனைப் பார்க்காதீங்க மாமா, பக்கத்தைப் பாருங்க” என்று டார்ச்சைக் கொடுத்தேன். குனிந்து ரிம்முக்குக் கொஞ்சம் மேலே வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தவர், கட்டைவிரலால் அழுத்தினார். மயிரிழை மாதிரித் தெரிந்த கோடுகள் அழுத்தியதும் வாயைத் திறந்தன. “அடேயப்பா” என்று டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் ஊரில் டயர் கிலோமீட்டர் கணக்கில் சாகும். பட்டன் தேய்ந்தால் ரீட்ரெட் போட்டு மறுபடி ஓட்டுவார்கள். எங்களைப் போன்ற பஸ்களில் டயர் வருஷக் கணக்கில் சாகிறது. தேய்வதற்கு முன்பே ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டுவிடும். டயர் வயசைத் தெரிந்துகொள்ள பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. இந்த நான்கு இலக்கம் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அதுவும் நம் ராசிக்கு உள்பக்கமாகப் போயிருக்கும். போனை உள்ளே நீட்டிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் சுலபம். ஐந்து வருஷம் ஆனதும் ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டு, நன்றாகத் தெரிந்தாலும் செய்த தேதியிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டாதே என்பது மிஷலின் சொல்லும் கணக்கு. முன் டயர் விஷயத்தில் நான் அதுவரை காத்திருப்பதில்லை. இந்த வண்டியில் டிரைவர் உட்காருவதே முன் அச்சுக்கும் முன்னால்.

சரி, கழுவுவதற்கு வருவோம். வாளியில் தண்ணீர், கொஞ்சம் கார் கழுவும் சோப்பு, மிருதுவான பிரஷ். இவ்வளவுதான், வேறெதுவும் வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பைத் தொடாதீர்கள், எண்ணெய்ப்பசையை ஒட்ட எடுப்பதற்காகவே செய்தது அது. வெயில் ஏறுவதற்கு முன், டயர் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது செய்வேன். பிரேக் தூள், சாலை எண்ணெய், பாலைவன மண் எல்லாம் சேர்ந்து காபி டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் ஓடும். பிரஷர் வாஷர் யார்டிலேயே இருக்கிறது, ஆனால் டயர் பக்கம் கொண்டுபோவதில்லை. கிட்டத்தில் வைத்து அடித்தால் அந்தத் தண்ணீர் ரப்பரையே அறுக்கும்.

ஜோடி டயரில் உள்ளே இருப்பதுதான் பாடு. வெளியிலிருந்து ரிம் ஓட்டைகள் வழியாகக் கொஞ்சம்தான் எட்டும். மீதிக்கு நீளக் கைப்பிடி பிரஷ்ஷோடு பாய் விரித்துப் படுத்து பின்பக்கமிருந்து நீட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை: இது ஏர் சஸ்பென்ஷன் வண்டி, உடம்பு காற்றுப் பைகள் மேல்தான் நிற்கிறது. நிற்க நிற்கக் காற்று இறங்கி உடம்பு கீழே உட்காரும், சில சமயம் திடீரென்று. சக்கரத்துக்குக் கட்டை, உடம்பைத் தாங்கச் சட்டத்துக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு, இரண்டும் இல்லாமல் தலையை மட்டுமல்ல, கையைக்கூட உள்ளே விடாதீர்கள். டயர் சுத்தமாக இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

எட்டு டயரையும் அடிக்கடி தேய்த்துக் கருகருவென்று வைத்திருப்பவர்களை யார்டில் பார்க்கிறேன். பார்க்க அழகுதான். ஆனால் டயர் மேல் வரும் அந்தப் பழுப்பு நிறம் முழுக்க அழுக்கு இல்லை. காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டும், இழுபட்டு விறைத்து நிற்கும் இடத்தில் இன்னும் வேகமாக. அதைத் தடுக்க டயர் செய்யும்போதே ரப்பருக்குள் மெழுகும் 6பிபிடி போன்ற ரசாயனங்களும் சேர்க்கிறார்கள். இவை மெல்ல மெல்ல மேலே கசிந்து வந்து, ஊறுகாய் மேல் நிற்கும் எண்ணெய் மாதிரி காற்றுக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு மறைப்பாக நிற்கும். காற்றுப் பட்டுப் பழுப்பாகும். நாம் தேய்த்து எடுப்பதில் பாதி அந்த மருந்தைத்தான். டயர் உருண்டு நெளியும்போது உள்ளிருந்து புதிதாக மேலே வந்துகொண்டே இருக்கும். நிற்கும் வண்டியில் அவ்வளவு வராது. அதனால் ஒரு பயணம் முடிந்து நிறுத்தும்போது ஒரு கழுவல், கிளம்பும் முன் ஒரு பார்வை என்று குறைத்துக்கொண்டேன். (இந்த 6பிபிடிக்கு இன்னொரு முகமும் உண்டு. அது ஓசோனோடு சேர்ந்து மாறும் பொருள் மழைநீரில் ஓடி கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020 டிசம்பரில் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாலைவனத்தில் சால்மன் இல்லைதான், இருந்தாலும் கழுவிய தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் சரளைக்கல்லில் விடுகிறேன்.)

பூசும் திரவங்களில் இரண்டு சாதி. ஒன்று பெட்ரோலியக் கரைப்பான் கலந்த பளபளப்பு. அடித்ததும் டயர் ஷோரூமிலிருந்து வந்தது போல மின்னும். அப்புறம் புழுதி ஒட்டும், ஓடும்போது தெறித்து பஸ் உடம்பில் கரும்புள்ளி வைக்கும், சில வாரத்தில் பழுப்புக் கோடாக வடியும். இதெல்லாம்கூட அழகுப் பிரச்சினைதான். அந்தக் கரைப்பான் மேலே சொன்ன மெழுகையும் கரைத்துக்கொண்டு போவதுதான் என் கோபம். பெட்ரோலியம், ஆல்கஹால் கலந்ததைப் போடாதே என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. கையில் இருந்த அந்த பாட்டிலைக் குப்பையில் போட்டாயிற்று.

மற்றது தண்ணீர் அடிப்படையில் செய்தது. நான் பல வருஷமாகப் பயன்படுத்துவது 303 புரொடெக்டன்ட். டயர் நன்றாகக் காய்ந்த பிறகு நிழலில் அடித்து, துணியால் பரப்பி, ஈரம் போகும்வரை துடைத்து எடுக்க வேண்டும். அடித்துவிட்டு அப்படியே காயவிட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். துடைத்ததும் பளபளப்பு இல்லாத நல்ல கருப்பு கிடைக்கிறது, கையில் ஒட்டவில்லை, புழுதி பிடிக்கவில்லை. மூன்று முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசச் சொல்கிறார்கள். எட்டு பெரிய டயருக்கு அப்படிப் பூசினால் பாட்டில் எங்கே தாங்கும்? டயரின் பட்டன் மேல் மட்டும் பூசாதீர்கள், வழுக்கும். பிரேக் மேலும் படக் கூடாது. எனக்கு இதில் திருப்திதான், ஆனால் டயரைக் காப்பாற்றுவது இது என்று சொல்ல மாட்டேன். டயருக்குக் கருப்பு நிறம் தரும் கார்பன் கரியே புற ஊதாக் கதிரைத் தாங்கிக்கொள்கிறது. அதற்கு மேல் ஒரு பூச்சு செய்வது கொஞ்சம்தான்.

நிழல்தான் வேலை செய்கிறது. இதற்குச் சாட்சி என் வண்டியிலேயே உண்டு. யார்டில் எப்போதும் ஒரே திசையில்தான் நிறுத்துவோம், வலப்பக்கம் தெற்கைப் பார்த்து. ஒரே வாரம் செய்த, ஒரே கம்பெனி டயர்கள், ஒரே மாதிரிக் கழுவல், ஒரே பூச்சு. வெடிப்பு முதலில் வந்தது தெற்குப் பக்கத்துக்கு, அதிலும் வெளிப்பக்கச் சுவரில். வடக்குப் பக்க டயர்களில் அப்போது தேடினாலும் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு உறை போடுவதில் சோம்பல் பார்ப்பதில்லை. கடையில் கிடைக்கும் உறைகள் டயரைச் சுற்றிக் கவ்வுவது போலத் தைத்தவை. எங்கள் பஸ்ஸில் பின் டயர்களின் மேல்பகுதி உடம்புக்குள் மறைந்திருப்பதால் அவை நிற்காது. படகுக்கு உறை தைக்கும் கடையில் அளவு கொடுத்து, சக்கர வளைவின் மேலிருந்து திரை போலத் தொங்கும் வெள்ளை வினைல் தைத்து வாங்கினோம். டிரைவ் அச்சும் டேக் அச்சும் பக்கத்தில் பக்கத்தில் என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே துண்டு. கருப்பு வேண்டாம், சூடு இழுக்கும். கீழே கனமான சங்கிலி கோத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஜூலை, ஆகஸ்ட் புழுதிப்புயலில் லேசான உறை பக்கத்து வண்டிக்குக் குடிபோய்விடும். இந்த வெயிலில் வினைலும் சில வருஷத்தில் அப்பளமாக நொறுங்கும்தான். ஆனால் புது உறை தைக்கிற செலவு ஒரு டயர் விலையில் சின்னப் பங்கு. இன்னொன்று, உறையைக் கழற்றும்போது கையுறை கட்டாயம். நிழலும் இடுக்கும் கிடைத்தால் பிளாக் விடோ சிலந்தி குடிவந்துவிடும். வலை தாறுமாறாக, தொட்டால் நூல் போலப் பலமாக இருந்தால் அதுதான். முதலில் நீளக் குச்சி, அப்புறம் கை.

டயருக்கு அடியிலும் கவனம் வேண்டும். கோடையில் இங்கே தார்த்தரை 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தடித்த பலகை மேல் ஏற்றி நிறுத்துகிறேன். டயர் தரையில் படியும் பரப்பு முழுவதும் பலகை மேல் இருக்க வேண்டும், ஜோடி டயர் என்றால் இரண்டுமே. பாதி வெளியே தொங்கினால் பலகை இல்லாததே மேல்.

காற்று அளவை மதியத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். 100 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரில் வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் சுமார் 2 பிஎஸ்ஐ ஏறும், வெயில் படும் பக்கம் இன்னும் கூட. விடியலில் பார்ப்பதுதான் கணக்கு. எவ்வளவு வைப்பது என்று டயர் மேல் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வீடாக மாற்றிய பஸ்ஸில் தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் எந்த அச்சில் பாரம் ஏற்றியிருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடையில் முழுத் தொட்டியோடு ஏறி அச்சு அச்சாக எடை எடுத்து, டயர் கம்பெனி அட்டவணையில் பார்த்து வைத்திருக்கிறேன். உள் டயர் வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் வாங்கினால் உலோகப் பின்னல் சுற்றியதையே வாங்குங்கள்.

நிற்கும் மாதங்களில் முடிந்தபோதெல்லாம் பஸ்ஸை வெளியே எடுத்து, டயர் நன்றாகச் சூடாகும்வரை நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வருவேன். யார்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் உருட்டுவதில் பயனில்லை. டீசல் செலவைப் பார்த்து மனைவி முகம் சுளிப்பாள், நியாயம்தான். ஆனால் எஞ்சின், பிரேக், டயர் எல்லாவற்றுக்கும் சேர்த்து இது ஒரே மருந்து.

புது டயர் வாங்கும்போது கடைக்காரரிடம் பொருத்துவதற்கு முன்பே தேதியைக் காட்டச் சொல்லுங்கள். கிடங்கில் இரண்டு வருஷம் கிடந்த டயரைப் புதுசு விலைக்கு வாங்கினால் நம் கணக்கில் இரண்டு வருஷம் போச்சு. தேதி உள்ள பக்கம் வெளியே வருமாறு மாட்டச் சொன்னால் பிறகு படுத்துப் பார்க்கும் வேலை மிச்சம். சில மாடல்களில் ஒரு பக்கம்தான் வெளியே வர வேண்டும் என்று இருக்கும், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் மரியாதைக்காக ஒரு பளபளப்பை அடித்துத் தருவார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.