பூட்டு என்று சொல்லித் திரைச்சீலையை விற்றார்கள்

வீட்டில் நாலு பேருக்கு ஒரே கம்ப்யூட்டரா? ஃபோல்டரைப் பூட்டித் தரும் மென்பொருள் எதையாவது காசு கொடுத்து வாங்கப் போகிறீர்களா? ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அண்ணன், அண்ணி, அவர்கள் மகன், நான். கம்ப்யூட்டர் கூடத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே விண்டோஸ் கணக்கு, பாஸ்வேர்டும் கிடையாது. மறைத்து வைக்கிற அளவுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன். அப்புறம் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஸ்கேன், ஊசி குத்தி எடுத்த சோதனை என்று இரண்டு வாரம் அலைந்தேன். முடிவு தெரிவதற்குள் வீட்டில் சொல்லி எல்லோரையும் கலங்கடிக்க மனம் வரவில்லை. ரிப்போர்ட்டுகள் மின்னஞ்சலில் வந்தன. படிக்கவும் பிரிண்ட் எடுக்கவும் அந்தக் கூடத்துக் கம்ப்யூட்டர்தான்.

தேடியதும் கிடைத்தது அந்த மென்பொருள். "ராணுவத் தரப் பாதுகாப்பு" என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். கொஞ்ச நாள் இலவசம், பிறகு ஒரு வருடச் சந்தா. ஃபோல்டரை இழுத்துத் தங்க நிறப் பூட்டின் மேல் விட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம், ஃபோல்டர் காணாமல் போய்விடும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் பணம் கட்டினேன் என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

மூன்றாவது வாரம் திரை மினுக்கத் தொடங்கியது. டிஸ்ப்ளே டிரைவர், அதாவது திரையை இயக்கும் சிறு மென்பொருள், அதில்தான் பிரச்சினையாக இருக்கும் என்று அண்ணன் மகன் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் செய்து சேஃப் மோடுக்குப் போனான். கறுப்புத் திரை, பெரிது பெரிதாக ஐகான்கள். கம்ப்யூட்டர் படுத்துவிடுமோ என்ற பயத்தில் அண்ணி தன் படங்களைப் பென் டிரைவில் எடுத்துவைக்க டி டிரைவைத் திறந்திருக்கிறார். அங்கே அவர் ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது 'என் மெடிக்கல் ரிப்போர்ட்'. அந்தப் பெயரை வைத்த புத்திசாலி நான்தான்.

அன்று ராத்திரி அண்ணி மெதுவாகக் கேட்டார்: "கழுத்துக் கட்டிக்கு ஊசி டெஸ்ட் எடுத்தியாமே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" ரிசல்ட் நல்லபடியாகவே வந்திருந்தது. ஆனால் நானே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டிய விஷயத்தை அவர் ஒரு பிடிஎஃப்பில் படித்துத் தெரிந்துகொண்டார். அதை நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். இந்த மென்பொருள் கோப்புகளைத் தொடவே இல்லை. விண்டோஸுக்குள் ஒரு டிரைவரை வைத்து, யார் கேட்டாலும் அந்த ஃபோல்டர் இல்லை என்று பதில் சொல்ல வைக்கிறது. சேஃப் மோடில் விண்டோஸ் தனக்கு அவசியமானதை மட்டும் ஏற்றிக்கொள்ளும், வெளியார் டிரைவர்களை ஏற்றாது. காவலாளி வேலைக்கு வராத நாளில் வீடு திறந்து கிடந்தது. பிறகு ஒரு பென் டிரைவில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் போட்டு அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பியும் பார்த்தேன். அங்கேயும் ரிப்போர்ட் அப்படியே திறந்தது, பாஸ்வேர்ட் எதுவும் கேட்கவில்லை.

கம்பெனிக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்து வந்த பதில்: "எங்கள் தயாரிப்பு வடிவமைத்தபடியே செயல்படுகிறது. சேஃப் மோட் பாதுகாப்பு எங்கள் உயர் திட்டத்தில் மட்டும் உண்டு." இதை விற்பனைப் பக்கத்தில் எங்கே சொன்னீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. சரி, இன்னொன்றையும் பார்த்துவிடுவோம் என்று, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று புதிதாக ஒரு மின்னஞ்சல் போட்டேன். அதற்கு மட்டும் பத்து நிமிடத்தில் பதில் வந்தது! பில் எண்ணை அனுப்பச் சொன்னார்கள், ஒரு குறியீடு தந்தார்கள், போட்டதும் எல்லாம் திறந்துகொண்டது.

எனக்கு நிஜமாகவே வயிற்றைப் பிசைந்தது அப்போதுதான். நான் வைத்த பாஸ்வேர்டைத் தெரியாமலே அவர்களால் திறக்க முடிகிறது என்றால் என் கோப்புகள் அந்தப் பாஸ்வேர்டால் என்கிரிப்ட் ஆகவே இல்லை, அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்படவே இல்லை. இனி இப்படி எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் நான் கேட்கப் போவது, "பாஸ்வேர்ட் மறந்துபோனால் திறந்து கொடுப்பீர்களா?" என்பதைத்தான். தாராளமாகத் திறந்து தருகிறோம் என்றால் பர்ஸை எடுக்கவே மாட்டேன்.

இணையத்தில் தேடிய கதை தனி. அதே மென்பொருளில் 'தடயம் அழிப்பான்' என்று ஒரு பொத்தானும் இருந்தது. கட்டியைப் பற்றித் தேடி முடித்ததும் அதை ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்துவிடுவேன். நான் கவனிக்காதது, குரோமில் அண்ணன் மகனின் கூகுள் கணக்கு திறந்தே கிடந்ததும், அதில் நடப்பதை அவன் கணக்குக்கும் ஃபோனுக்கும் அனுப்பும் ஒத்திசைவு (சிங்க்) இயங்கிக்கொண்டிருந்ததும். பொத்தான் துடைத்தது இந்தக் கம்ப்யூட்டரில் இருந்ததை மட்டும்தான். என் தேடல்கள் அவன் கணக்கில் பத்திரமாக இருந்தன. "அத்தே, என் ஃபோன்ல 'கழு'ன்னு அடிச்சா கழுத்துக் கட்டின்னு வருது, நீங்களா தேடுனீங்க?" என்று கேட்டபோது பையன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் முகம் வெளிறிவிட்டது. கூகுள் கணக்கில் 'எனது செயல்பாடு' என்ற பகுதிக்குப் போய் அங்கேயும் அழிக்க வேண்டியிருந்தது. பிரவுசரில் ஹிஸ்டரியை அழித்தால் அது அழியாது.

ஹிஸ்டரியைச் சேமிக்காத இன்காக்னிட்டோ ஜன்னலில் தேடியிருந்தால் இந்த ஒன்றிலிருந்தாவது தப்பியிருப்பேன். ஆனால் அதிலும் டவுன்லோட் செய்த கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். வீட்டுக்கு வெளியே, போகிற தளத்துக்கும் இணையச் சேவை தருபவருக்கும் அது எதையும் மறைப்பதில்லை. இதை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. இன்காக்னிட்டோவிலும் தகவல் சேகரித்தார்கள் என்று 2020-ல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024-ல் வந்த சமரசத்தில் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது.

இப்போது வைத்திருக்கும் ஏற்பாட்டுக்குக் காசே ஆகவில்லை. நாலு பேருக்கும் தனித்தனி விண்டோஸ் கணக்கு, அவரவர் பாஸ்வேர்ட். முதலில் எல்லாக் கணக்கையும் அட்மின், அதாவது முழு அதிகாரம் உள்ள கணக்கு, ஆக்கித் தொலைத்தேன். அட்மின் ஒருவர் இன்னொருவரின் ஃபோல்டரைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி வரும், அதிலேயே 'தொடரவும்' பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் நிரந்தர அனுமதியே கிடைத்துவிடும்! எனவே இப்போது ஒரே ஒரு அட்மின் கணக்கு. அதை அண்ணன் வைத்திருக்கிறார், அவர் நினைத்தால் என் ஃபோல்டருக்குள் வரலாம். அதனால் நிஜமாகவே எனக்கு மட்டும் என்று இருப்பவை வெராகிரிப்ட் என்ற என்கிரிப்ட் செய்யும் மென்பொருளுக்குள் போய்விட்டன. அது இலவசம், மூல நிரலும் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கிறது. 2014-ல் நின்றுபோன ட்ரூகிரிப்ட் என்ற மென்பொருளிலிருந்து கிளைத்தது. ஒரு பெரிய கோப்பை உருவாக்கித் தரும், பாஸ்வேர்ட் கொடுத்தால் தனி டிரைவாக விரியும். பாஸ்வேர்ட் மறந்தால் கதை முடிந்தது, திறந்து கொடுக்க ஆளே கிடையாது. அதற்காகவே அதை நம்புகிறேன். ஆனால் விரித்துவைத்துவிட்டு எழுந்து போனால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறேன். திரையை மட்டும் பூட்டினால் போதாது, அந்த டிரைவ் மற்றவர்கள் கணக்கிலும் தெரியும். அதனால் இப்போதெல்லாம் நாற்காலியை விட்டு எழும் முன் அதை வெராகிரிப்டில் மூடிவிடுகிறேன், அப்புறம் கை தானாக விண்டோஸ் விசையையும் 'எல்'லையும் அழுத்தித் திரையைப் பூட்டுகிறது.

ரிப்போர்ட்டை உள்ளே காப்பி செய்துவிட்டு வெளியே இருந்ததை டெலீட் செய்ததோடு முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். மறுசுழற்சித் தொட்டியில் கிடக்கும். அதைக் காலி செய்தாலும் மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்ததும் வரும் 'சமீபத்திய கோப்புகள்' பட்டியலில் பெயர் பல்லிளிக்கவும் கூடும். முடிந்தால் முதல் தடவையே உள்ளே சேமித்துவிடுங்கள்.

அந்தப் பூட்டு மென்பொருளை நீக்கப் போனால் அதற்கும் பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்து நீக்கினேன். நீக்கியும் அடுத்த வருடச் சந்தாவை அட்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தானாகப் புதுப்பிக்கும் என்ற டிக் பணம் கட்டும் பக்கத்தின் அடியில் முன்பே போட்டு வைக்கப்பட்டிருந்தது, நான் பார்க்கவில்லை. வங்கியில் புகார் கொடுத்து அட்டையை மாற்றிவிட்டேன். பணம் இன்னும் திரும்பி வரவில்லை.