வாயு மாத்திரையில் தொடங்கிய நடுக்கம்: பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை

உங்கள் வீட்டில் அறுபது வயதைக் கடந்த யாராவது தினமும் காலையில் வெறும் வயிற்றில் வாயு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால், முதலில் எழுந்து போய் அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், உள்ளே இருக்கும் மருந்துகளின் பெயர்கள் இருக்கும். அதில் 'லெவோசல்பிரைடு' இருந்தால் நான் சொல்லப்போவது உங்களுக்குத்தான்.

என் அம்மாவுக்கு 67 வயது. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், கொழுப்புக்கு அடார்வாஸ்டாடின் என்று மூன்று மாத்திரைகளோடு பல வருடங்களை ஓட்டியவர். 2023 மார்ச்சில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று, வழக்கமாகப் போகும் தனியார் மருத்துவமனையில் மெட்ஃபார்மினை ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமிலிருந்து 1,000 ஆக்கினார்கள். இரண்டு வாரத்தில் வயிறு உப்பிக்கொண்டது. ஓயாத ஏப்பம். சோற்றைக் கண்டாலே வேண்டாம் என்றார். அதே மருத்துவமனையில் வயிற்று மருத்துவரிடம் அனுப்பினார்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ரபெப்ரசோல் 20 மில்லிகிராமும் லெவோசல்பிரைடு 75 மில்லிகிராமும் சேர்ந்த கேப்சூல் ஒன்றை எழுதிக்கொடுத்தார். சர்க்கரை மாத்திரையின் அளவு கூடியதிலிருந்துதான் உப்புசம் வந்தது என்பதை அவரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறாத விஷயம். மாதாமாதம் அம்மா போகும்போதெல்லாம் கோப்பில் 'சி.எஸ்.டி.' என்று மூன்று எழுத்து எழுதினார்கள். கொடுத்த மருந்துகளையே தொடரவும் என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அது. பின்னால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், பதினோரு இடத்தில் இருக்கிறது. உப்புசம் நின்றதா, இந்தக் கேப்சூல் இன்னும் வேண்டுமா என்று ஒரு வரி எங்குமே இல்லை.

அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தது மருத்துவமனை இல்லை, வங்கி. 2024 ஜனவரியில் குடும்ப ஓய்வூதியம் எடுக்கப் போனவரைக் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் ஊருக்குப் போனதும் அந்தப் படிவத்தைக் காட்டினார். முதல் இரண்டு எழுத்துகள் அவர் எப்போதும் எழுதுவதுபோல உருண்டையாக இருந்தன. மூன்றாவது எழுத்திலிருந்து சுருங்கிக்கொண்டே போய், கடைசி எழுத்து எறும்பு அளவுக்கு வந்துவிட்டது. "பெரிதாகத்தான் எழுத நினைக்கிறேன் தம்பி, கை கேட்க மாட்டேன் என்கிறது" என்றார். அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பே வரவில்லை. நடக்கும்போது கைகள் வீசவில்லை, உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. காப்பி டம்ளரைத் தூக்கினால் இரண்டு கையும் நடுங்கிப் பாதி டபராவில் கொட்டியது.

மறுபடி அதே மருத்துவமனை, இந்த முறை நரம்பு மருத்துவர். ஸ்கேன் எடுத்தார்கள். பத்து நிமிடத்தில் பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம் என்று சொல்லிவிட்டார்கள். லெவோடோபா-கார்பிடோபா மூன்று வேளை, நடுக்கத்தைக் குறைக்க ட்ரைஹெக்சிபெனிடில் இரண்டு வேளை. பழைய மருந்துகளுக்கு அதே சி.எஸ்.டி.

மூளையில் டோபமின் என்ற பொருளின் வேலை குறைந்தால் நடுக்கமும் விறைப்பும் வரும். லெவோடோபா அந்த டோபமினைக் கூட்டுவதற்கான மருந்து. லெவோசல்பிரைடோ டோபமினின் வேலையைத் தடுக்கும் மருந்து. அளவைக் கூட்டி மனநோய்க்கும் கொடுக்கப்படுவது. அமெரிக்காவில் அதை விற்க அனுமதியே கிடையாது. இங்கே வாயுவுக்குச் சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். மருத்துவமனை மருந்தகத்தின் ரசீது இப்போதும் என்னிடம் இருக்கிறது. நான்காவது வரியில் டோபமினைத் தடுக்கும் கேப்சூல், ஏழாவது வரியில் டோபமினைக் கூட்டும் மாத்திரை. ஒரே நாள், ஒரே ரசீது. மூன்று மருத்துவர்கள், ஒரு மருந்தாளுநர், கோப்பை எடுத்து வைக்கும் செவிலியர் என அத்தனை பேர் கையில் போய் வந்த காகிதம் அது.

ட்ரைஹெக்சிபெனிடில் வயதானவர்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகளில் ஒன்று. அம்மாவுக்கு வாய் வறண்டது, மலச்சிக்கல் வந்தது. மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ் சிரப். பிறகு இரவில் எழுந்து உட்கார்ந்து, இறந்துபோன அப்பாவிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்க ஆரம்பித்தார். அதற்கு குயெட்டியாபின். கால்சியம், சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 13 மாத்திரை, ஒரு சிரப். மாதம் 4,200 ரூபாய்.

மருந்தால் வந்த தொல்லையைப் புதிய நோய் என்று எண்ணி அதற்கு இன்னொரு மருந்து, அதன் தொல்லைக்கு மற்றொன்று என்று போவதைப் பற்றி மருத்துவ இதழ்களில் 1990-களிலிருந்தே எழுதுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு இயக்கம் முன்னிறுத்தும் மூன்று கவலைகளில், ஒருவரே பல மருந்துகளை உட்கொள்வதும் ஒன்று. யாருக்கும் தெரியாத புதுக்கதை இல்லை இது.

மே மாதம் அண்ணியின் வற்புறுத்தலால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். அங்கே இருந்த மருத்துவர் கோப்பைத் திறப்பதற்கு முன்பே, பையில் இருக்கும் எல்லாவற்றையும் மேசையில் கொட்டச் சொன்னார். ஒவ்வோர் அட்டையாக எடுத்து, "இது எந்த மாதத்திலிருந்து?" என்று கேட்டுத் தேதிப்படி அடுக்கினார். "நடுக்கம் முன்பா, இந்தக் கேப்சூல் முன்பா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உண்மையான பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் ஆரம்பிக்கும், மருந்தால் வருவது பலருக்கு இரண்டு பக்கமும் சேர்ந்தே வரும் என்றார். நிறுத்தினாலும் சிலருக்கு முழுதாகச் சரியாவதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

கேப்சூலை அன்றே நிறுத்தினார். மற்றவற்றை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தார். மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, சாப்பாட்டோடு போடச் சொன்னார். உப்புசம் அதோடு போயிற்று. நடுக்கம் நிற்க ஐந்து மாதம் ஆனது. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். லெவோடோபா போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, எது எப்போது ஆரம்பித்தது என்று தேதியும் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மருந்துக் கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயர் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் பாதி அட்டைகளில் பெயரே இல்லை, அன்று ரசீதுகளை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

கோப்போடு அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போனேன். எல்லோருக்கும் கொடுக்கிற மருந்துதானே சார் என்றார் நிர்வாக அலுவலர். பணத்தை நான் கேட்கவில்லை. இந்த மருந்து அம்மாவுக்கு ஆகாது என்று அவர்கள் பதிவேட்டில் ஒரு வரி எழுதுங்கள் என்றேன். அதற்கும் மறுத்துவிட்டார்கள். மருந்தின் பக்கவிளைவுகளை மருத்துவர்கள்தான் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை. மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளிகளும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் எழுத மறுத்ததை நானே எழுதினேன். அம்மாவின் புதிய கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் லெவோசல்பிரைடு, மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் மூன்றும் கொடுக்கக் கூடாது என்று. பின்னிரண்டும் வாந்திக்குக் கொடுப்பவை, அவையும் டோபமினைத் தடுப்பவைதான். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அம்மாவுக்கு வாந்தி. பக்கத்துக் கிளினிக்கில் செவிலியர் ஊசியை எடுத்துவிட்டார். அந்தப் பக்கத்தைக் காட்டினோம். மருந்துக் குப்பியைத் திருப்பிப் பெயரைப் படித்தார். மெட்டோகுளோபிரமைடு. வைத்துவிட்டு, டோபமினைத் தடுக்காத வாந்தி மருந்தான ஆன்டன்செட்ரானை எடுத்தார்.